குறிலை நீட்டினால்

பிப்ரவரி 3

தம்பி,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்துவிட்டாய் என்பதற்கான குறி மட்டும் விழுகிறது. கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பாய் என்று எழுதுகிறேன். அப்பா போன நாளிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை, இப்போது எதற்கு வருகிறாள் என்று நினைக்காதே. சமாதானம் பேச வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்கத்தான்.

நான் பாட்டு எழுதக் கற்றுக்கொள்கிறேன். நாற்பத்தாறு வயதில். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதும் அவள் அறையில் ஒரு கீபோர்டு தூசி தின்றுகொண்டு கிடந்தது. துடைக்கப் போனவள் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். பகலெல்லாம் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அரவை மோட்டாரைக் கேட்ட காதுக்கு இதமாக இருந்தது. நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடக்கிறது என்று தெரிந்து போய்ச் சேர்ந்துவிட்டேன். ஏழு பேர் படிக்கிறோம். சொல்லிக்கொடுப்பவள் இசைக்கருவிக் கடையில் வேலை செய்யும் பெண். என்னைவிட இருபது வயது சின்னவள், என்னை ஆன்ட்டி என்கிறாள். பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர். அவர் எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் அது அவருடைய நாயில் போய் முடிகிறது. உன் மாமாவோ நான் வாசிக்க உட்கார்ந்த உடனே காய்கறி வாங்கக் கிளம்பிவிடுகிறார். வீட்டில் இப்போது காய்கறிக்குப் பஞ்சமே இல்லை.

இதுவரை நான்கு பாட்டு எழுதியிருக்கிறேன். நான்கிலும் ஏதோ இடிக்கிறது. "என்னமோ ஒட்டல ஆன்ட்டி, என்னன்னு சொல்லத்தான் தெரியல" என்கிறாள் ஆசிரியை. மெட்டு முதலில் வர வேண்டுமா, வார்த்தை முதலில் வர வேண்டுமா என்பதே எனக்கு இன்னும் குழப்பம். மெட்டைப் போட்டுவிட்டால் வார்த்தை உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது. வார்த்தையை எழுதிவிட்டால் மெட்டு எழுந்து நடக்காமல் தவழ்கிறது.

உனக்குப் பாம்புக் காது. உறைக்குள் மெமரி கார்டில் நான் பாடியது இருக்கிறது. பாட்டையும் கீழே எழுதியிருக்கிறேன். எது தப்பு என்று மட்டும் சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

நிலவே நிலவே ஏன் அழுதாய்
நெஞ்சின் ஓரம் ஏன் விழுந்தாய்
மழையே மழையே நீ வருவாய்
மனதின் தாகம் தீர்த்திடுவாய்

அக்கா


பிப்ரவரி 19

அக்கா,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கேட்டதற்குப் பதில்.

நிலா எப்போது அழுதது? நீ கடைசியாக நிலாவை நிமிர்ந்து பார்த்தது எப்போது? நீ கூடத்திலிருந்து குனிந்த தலையோடு வந்து, குனிந்த தலையோடு சமைப்பவள். இந்தப் பாட்டில் உள்ள நிலா, நெஞ்சு, மழை, தாகம் எல்லாம் ஊரார் வீட்டு வாசலில் கிடந்த செருப்பு. காலுக்குப் பொருந்தாததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது, 'மழையே' என்பதில் 'ம'வை இரண்டு எண்ணிக்கைக்கு இழுக்கிறாய். 'ம' குறில். குறிலை நீட்டினால் அது வேறு எழுத்தாகிவிடும். காதில் 'மாழையே' என்று விழுகிறது. மாழை யார் என்று உன் ஆசிரியைக்குத் தெரியாததால் ஒட்டவில்லை என்கிறாள். இழுக்க வேண்டிய இடத்தில் நெடில் இருக்கிற வார்த்தையைப் போடு. அல்லது இழுக்காதே.

மெட்டு முதலா வார்த்தை முதலா என்று எனக்குத் தெரியாது. நான் பாடுவதை விட்டு இருபது வருடம் ஆகிறது.

வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை.

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

மாழையை வகுப்பில் சொன்னேன். ஆசிரியை குறில் நெடில் கணக்கைப் பலகையிலேயே எழுதிப் போட்டுவிட்டாள். "உங்க தம்பிய இங்க கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி" என்றாள். வெளியூரில் தண்ணீர்க் குழாய்த் துறையில் வேலை, தெருவில் கம்பியை ஊன்றிக் காதை வைத்து மண்ணுக்கடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடிப்பான் என்றேன். பஸ் டிரைவர் அதற்கே ஒரு பாட்டு எழுதலாம் என்றார். எழுதினால் அதிலும் நாய்தான் வரும்.

ஊரார் செருப்பு என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் நீ சொன்னது சரி. அந்த வாரம் ஆசிரியையும் "கண்ணால பார்த்தத மட்டும் எழுதுங்க" என்றாள். நான் தினமும் பார்ப்பது பல். வேறென்ன எழுதுவது? காலையில் போனதும் மெழுகில் பல் வரிசை அடுக்குவேன். பதினோரு மணிக்கு ஈறின் நிறம். மத்தியானம் தேய்த்து மெருகு போட்டு, காய்ந்துவிடாமல் தண்ணீர் டம்ளரில் போட்டு வரிசையாக வைத்துவிடுவேன். டம்ளர் டம்ளராகச் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் பாட்டு தானாக வந்தது. மெட்டும் வார்த்தையும் ஒரே சமயத்தில். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தண்ணி டம்ளருக்குள்ளே
தனியா ஒரு சிரிப்பு
ஆளைக் காணோம் பக்கத்திலே
ஆனா இருக்கு சிரிப்பு

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். ஆனால் இரண்டாம் முறை அதே வரியைப் பாடும்போது அழுதுவிட்டேன். நிறுத்திவிட்டேன். வேடிக்கைப் பாட்டில் அழுகிற பைத்தியம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு, தூசி ஒவ்வாமை என்று சொன்னேன்.

இதில் எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

எங்கும் இடிக்கவில்லை. இது பாட்டு.

எங்கள் வேலை விடிவதற்கு முன்னால், வண்டிகள் ஓட ஆரம்பிப்பதற்குள். நேற்று ஒரு தெருமுனையில் கம்பியை ஊன்றிக் காதை வைத்தால், கசிவின் சத்தத்துக்குப் பதில் உன் டம்ளர் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்தவர் "என்ன சார், கேக்குதா" என்றார். கேட்கிறது என்றேன். அவர் அங்கே தோண்டச் சொல்லிக் குறி போட்டுவிட்டார். தோண்டியதில் காய்ந்த மண்தான் வந்தது. இருபது வருடத்தில் இப்படி ஆனதில்லை.

அதனால் கேட்கிறேன். அந்த டம்ளர் யாருடையது?

அப்பாவின் பல்செட்டைச் செய்தவள் நீ. கடைசி நாளில் அவர் பக்கத்தில் இருந்தவள் நீ. டாக்டரிடம் முடிவைச் சொன்னவளும் நீதான். ஆள் இல்லை, சிரிப்பு இருக்கிறது என்று எழுதிவிட்டு, எங்கே இடிக்கிறது என்று என்னையே கேட்கிறாய். உனக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, தெரியாதது போல் எழுதுகிறாயா என்று எனக்குப் புரியவில்லை.

அதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் முழுதாக எழுது. இல்லையென்றால் நீயும் நாயைப் பற்றி எழுது.

தம்பி


மார்ச் 20

தம்பி,

உண்மையிலேயே தெரியவில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கீபோர்டு பக்கமே போகாமல் ஐந்து நாள் இருந்தேன். மாமா காய்கறி வாங்கப் போகத் தேவையில்லாமல் வீட்டிலேயே இருந்து, "உடம்பு சரியில்லையா" என்று பத்து முறை கேட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு முகமூடி மாட்டும்போது நர்ஸ் அப்பாவின் பல்செட்டைக் கழற்றி ஒரு காகித டம்ளரில் போட்டு என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வெச்சுக்கோங்க, அப்புறம் தேடுவாங்க" என்றாள். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். எல்லாம் முடிந்து நீ வந்து வாசலில் நின்று என்னைக் கேட்டபோதும் அது என் கையில்தான் இருந்தது. நீ கவனித்திருக்க மாட்டாய்.

முழுதாக எழுது என்றாய். எழுத உட்கார்ந்தால் மூன்றாம் சரணம்வரை நேராக வந்துவிட்டது. சரிதானா என்று தெரியவில்லை. பாடியும் அனுப்பியிருக்கிறேன்.

கழட்டி வெச்ச சிரிப்பு
கைக்குள்ள கனக்குது
காத்தாப் போன பேச்சு
காதுக்குள்ள இருக்குது
அவன் வரணும் அவன் வரணும்

அக்கா


மார்ச் 24

தம்பி,

நான்கு நாளைக்கு முன் அனுப்பியதில் கடைசி வரியை அடித்துவிடு. தப்பாக எழுதிவிட்டேன். இப்படி வர வேண்டும்:

காத்தாப் போன பேச்சு
காதுக்குள்ள இருக்குது
அவன் வரவேணாம் வரவேணாம்

இதற்குத் தனியாகப் பாடி அனுப்ப நேரமில்லை. பழைய தாளைக் கிழித்துவிடு.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளில் 'வரணும்'. இன்னொன்றில் 'வரவேணாம்'. உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சொல்வதுபோல், தப்பாக எழுதிவிட்டேன் என்கிறாய்.

'அவன்' நான்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அன்றைக்கு நீ போனில் கூப்பிட்டாய். தொண்டையில் குழாய் போட்டால் ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்கிறார் என்றாய். "நான் வர்ற வரைக்கும் எப்படியாவது வெச்சிரு அக்கா" என்று சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தேன். அப்பா மூன்றே முக்காலுக்கே போய்விட்டார் என்றார்கள். குழாய் போடவில்லை என்றார்கள். உன்னைக் கேட்டேன், "ஏன்க்கா, நீயே முடிவு பண்ணிட்டியா?" நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அப்பாவிடம் நீ கேட்டாய் என்பதும், அவர் பதில் சொன்னார் என்பதும் எனக்கு இப்போது ஒரு பாட்டின் சரணத்தில் தெரியவருகிறது. அதுவும் இரண்டு விதமாக. மெட்டுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து அப்பாவின் வாயில் வார்த்தை வைக்கிறாயா? பாட்டு எழுதக் கற்றுக்கொள்வது என்றால் இதுதானா?

அவர் என்ன சொன்னார் என்று எழுது. பாட்டாக வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, ஒரு சுற்றுத் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

டாக்டர் என்னை நடையில் நிறுத்தி, "குழாய் போட்டா இன்னும் கொஞ்சம் தாங்கும். அப்புறம் எடுக்கிறது கஷ்டம், அவருக்கும் வேதனை. போடலைன்னா இன்னைக்கே ஆயிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க, ரொம்ப நேரம் இல்ல" என்றார். உனக்குப் போன் செய்தேன். நீ வைத்திருக்கச் சொன்னாய். உள்ளே போனேன். அப்பாவுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தார். அவரைக் கேட்காமல் அவருடைய தொண்டைக்குள் எதையும் போட எனக்கு மனம் வரவில்லை. காதோரம் குனிந்து சொன்னேன். "அப்பா, தம்பி வந்துக்கிட்டு இருக்கான், சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் குழாய் போட்டு வெச்சிருக்கச் சொல்லட்டுமா?"

அவர் பதில் சொன்னார். 'அவன்' என்பது கேட்டது. 'வர' என்பது கேட்டது. அதற்கப்புறம் மூச்சும் முகமூடியும்தான். 'ண'வைப் போல ஒன்று கடைசியில் வந்தது. வரணும் என்றாரா, வரவேணாம் என்றாரா? மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் முறை கேட்டதற்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

புதுப் பல்செட்டைப் போட்டுப் பார்க்கும்போது பல் டாக்டர் ஒவ்வொருவரையும் சில வார்த்தைகள் சொல்லச் சொல்லுவார். 'வ' என்று சொல்ல மேல்பல் கீழுதட்டில் படவேண்டும். பல் இல்லாவிட்டால் அது வெறும் காற்று. 'வே' என்ற ஒரு எழுத்து காற்றாகப் போய்விட்டால் வரவேணாமும் வரணுமும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிடும். இது எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அவருடைய பல் என் கையில் இருந்தது. ஒரு நிமிடம் முகமூடியை விலக்கி, அதை மாட்டிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போதுதான் தோன்றியது.

டாக்டரிடம் வேண்டாம் என்றேன். அப்பா வரவேணாம் என்றுதான் சொன்னார், அந்த நிலையில் நீ பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார் என்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாக இருந்தது. மறுநாள் காலையில் வரணும் என்றுதான் சொன்னார் என்று நிச்சயமாக இருந்தது. அதிலிருந்து மாறி மாறித்தான் வருகிறது. பாட்டில் மாற்றி எழுதியதும் அதனால்தான். மெட்டுக்காக இல்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். வரவேணாம் என்றார் என்று சொன்னால் நீ தாங்க மாட்டாய். வரணும் என்றார் என்று சொன்னால் நான் தாங்க மாட்டேன். தெரியாது என்று சொன்னால் யாருமே நம்ப மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டால் நீ என்னைத் திட்டுவாய், அதோடு போகும் என்று நினைத்தேன். நீ திட்டவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாய்.

இதில் எந்தப் பகுதிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மே 5

தம்பி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்காது, உன் வீட்டில் கொடுத்துவிட்டதாகத் தபால்காரர் கையெழுத்து வாங்கிய சீட்டு என்னிடம் இருக்கிறது.

ஜூன் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தின் கீழ்த்தள அரங்கில் எங்கள் வகுப்பு ஏழு பேரும் ஆளுக்கொரு பாட்டுப் பாட வேண்டும். சொந்தக்காரர்கள், நூலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்பார்கள். ஆசிரியை டம்ளர் பாட்டைத்தான் பாட வேண்டும் என்கிறாள். அவளுக்குப் பாதிதான் தெரியும். யாரோ ஒரு பெரியவர், யாரோ ஒரு மகன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா உனக்கும் அப்பா. நீ வேண்டாம் என்றால் பாட மாட்டேன். பஸ் டிரைவரின் நாய்ப் பாட்டுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு வரி எழுது.

அக்கா


மே 14

அக்கா,

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் தபால் பெட்டிவரை போய்த் திரும்பி வந்தேன். இது நான்காவது.

அன்றைக்குக் காலையில் கிளம்பியவன் பத்தரைக்கே ரயில் மாறுகிற ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். பதினொன்று பத்துக்கு உங்கள் ஊர் ரயில். அது நேரத்துக்கு வந்தது. என் முன்னால் வந்து நின்றது, கதவு திறந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியது, போய்விட்டது. அதில் ஏறியிருந்தால் இரண்டரைக்கெல்லாம் அப்பாவின் பக்கத்தில் இருந்திருப்பேன். நீ போன் செய்தபோது நான் அதே பெஞ்சில்தான் இருந்தேன். ரயில் தாமதம் என்றேன். எப்படியாவது வைத்திரு என்றேன். அடுத்த ரயிலுக்கும் எழுந்திருக்க முடியுமா என்று தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன்.

அம்மா போகும்போது பக்கத்தில் இருந்தவன் நான். நீ அப்போது பிரசவத்துக்குப் படுத்திருந்தாய். அம்மாவின் கடைசி மூச்சுச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. பாம்புக் காது என்கிறாய், அதனால் வந்த வினை. அதற்கப்புறம் நான் பாடவே இல்லை. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் கேட்கிறது. இன்னொரு முறை அதைக் கேட்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். இதுவும் காரணமா சாக்கா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாசலில் நின்று உன்னை அப்படிக் கேட்டேனே, கேட்கும்போதே எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவில் இருந்தது. நீ பதில் சொல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டால் பெஞ்சை மறந்துவிடலாம். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

நீ சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்றுமே தெளிவாக இல்லை. வரணும் என்று அவர் சொல்லியிருந்தால், நான் வராதவன். வரவேணாம் என்று சொல்லியிருந்தால், என்னை எனக்குமுன்பே தெரிந்து வைத்திருந்தார். எது நல்லது என்று நீயே சொல்.

பாடு. எந்த வார்த்தை என்று மட்டும் என்னைக் கேட்காதே.

தம்பி


மே 23

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கூடத்தில் அன்றைக்கு ஒரு மேல்வரிசையில் இரண்டு பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். மேலாளர் "என்னம்மா இது, ஆள் சிரிச்சா ஊரே சிரிக்கும்" என்றார்.

இரண்டு வருடம் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் வாயை மூடியிருந்தேன். நீயோ நான் வாயை மூடியிருந்ததில் ஒளிந்திருந்தாய். இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உன்னை ஒரு அறை அறையலாம் என்றும் வருகிறது. அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நீ ஏன் பாடுவதை விட்டாய் என்று உன்னிடமே எத்தனை முறை கேட்டிருக்கிறேன். வேலைச் சுமை என்பாய்.

பாட்டு நிலவரம்: கடைசி வரிக்கு மெட்டு எப்படியோ நீண்டுபோய்விட்டது. குறைக்கப் பார்த்தால் பாட்டே செத்துவிடுகிறது. சின்ன வார்த்தையைப் போட்டால் இழுக்க வேண்டியிருக்கிறது, பெரிய வார்த்தையைப் போட்டால் விழுங்க வேண்டியிருக்கிறது. "ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க ஆன்ட்டி" என்று ஆசிரியை தினமும் செய்தி அனுப்புகிறாள். அவளுக்கு என்ன, சொல்லிவிடுவாள்.

முதல் தேதிக்கு நீ வர வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் எழுதப்போவதில்லை. அந்த இரண்டில் எதையும் இனி யாருக்கும் சொல்கிற தைரியம் எனக்கில்லை. அரங்கம் பத்து மணிக்குத் திறக்கும்.

அக்கா


ஜூன் 1

அக்கா,

வந்திருந்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ மேடையில் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடினாய், பார்த்திருக்க மாட்டாய். நாய்ப் பாட்டும் கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

உன் பாட்டில் முதல் சரணத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவதில் சிரிப்பு அங்கங்கே நின்றது. மூன்றாவது சரணம் வந்ததும் கிளம்பிவிடலாம் என்று கதவின் பிடியில் கை வைத்தேன். இந்த முறை போகவில்லை, அக்கா. நின்றேன்.

கடைசி வரியைப் பாடினாய். இரண்டு முறை. நான் இருபது வருடமாகத் தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் அடியில் ஊசி முனைக் கசிவைக் கேட்கிறவன். எனக்குத் தெரியவில்லை. நீ வரணும் என்று பாடினாயா, வரவேணாம் என்று பாடினாயா? ஒரு எழுத்தை இழுத்தாய், ஒரு எழுத்தை மென்றாய், கீபோர்டு அதன்மேல் ஏறிக்கொண்டது.

கை தட்டி முடித்ததும் பக்கத்தில் நின்றவரை, கடைசியில் என்ன பாடினார்கள் என்று கேட்டேன். "அவன் வரணும்னு பாடினாங்க, பாவம்" என்றார். முன்வரிசை அம்மா திரும்பி, "இல்லைங்க, வரவேணாம்னுதான் பாடினாங்க. நல்லாக் கேட்டேன்" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் நிச்சயம், அவளுக்கும் நிச்சயம். நான் நடுவில் நின்றேன். தெரியாது என்று நீ எழுதியதை நான் முழுதாக நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நம்புகிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தாலும் எனக்கும் கேட்டிருக்காது.

நீ வேண்டுமென்றே அப்படிப் பாடினாயா, வாய் தவறி அப்படி வந்ததா என்று கேட்க வேண்டும்போல் இருக்கிறது. எழுதிக் கேட்டால் நீ இரண்டு விதமாகப் பதில் போடுவாய்.

கூட்டம் கலைந்ததும் உன் முன்னால் வரத் தைரியம் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வந்தது. நல்ல கூட்டம். ஏறவில்லை. எதிர்க் கடையில் தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு, உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் மாமா குப்பை போடக் கீழே இறங்கினார். என்னைப் பார்த்தார், கையில் இருந்த தாளைப் பார்த்தார். "எழுதி முடிச்சிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

தபால்தலை ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். இரண்டு முறை படிக்கிறவள் நீ, படித்துக்கொள். அவசரமில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

தம்பி